வந்தவாசிக் கல்லும் காவிரிப்படுகை எண்ணெயும்

வந்தவாசி என்ற மாத்திரத்தில், சரித்திரம் கற்றோர்க்கு 1760ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்ற போரும், ஏனையோர்க்கு அவ்வூர்க் கோரைப்பாயும் நினைவுக்கு வரும். ஆயினும் ஊரை அடுத்த வெண்குன்றத்தில், தவளகிரியின் அடிவாரத்தில் நிற்பவர், மனித சரித்திரம் தோன்றுமுன்பே முற்றுப்பெற்ற வேறொரு புராதன சரித்திரத்தின் மீது நிற்கின்றார். பூமியின் ஆழத்தில் கடும் உஷ்ணத்தில் உருமாறி இறுகிய இவ்வட்டாரப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

பெட்ரோலியம் என்னும் லத்தீன் சொல்லுக்குப் பாறை எண்ணெய் என்பதே பொருள். அப்படியிருந்தும் பாறைக்குக் குறைவில்லாத வந்தவாசிச் சீமையில் அவ்வெண்ணெய் ஊறாமைக்குக் காரணம், அது பாறையிலிருந்து பிறப்பதன்று, உயிரிலிருந்து பிறப்பது என்பதே. திருவக்கரையில் மரங்கள் கல்லாயின. நெய்வேலியில் தாவரங்கள் பழுப்பு நிலக்கரியாயின. எண்ணெயாக மாறியவையோ, பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத கடல்வாழ் நுண்ணுயிர்களும் பாசிகளுமாகும். இவை மடிந்து, பிராணவாயு எட்டாத சேற்றில் அமிழ்ந்து, முற்றும் அழுகாமல் வண்டலுக்குள் புதையுண்டு, மேலே படலம் படலமாகச் சேர்ந்த மண்ணின் பாரத்தால் 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, 60 முதல் 120 டிகிரி வரையிலான உஷ்ணத்தில் பல லட்சம் ஆண்டுகள் வெந்தபின்னரே எண்ணெயாகின்றன. சூடு மிகுந்தால் வாயுவாகிவிடுகின்றன. பிறந்த எண்ணெய் நீரினும் லேசானதாகையால் மணற்பாறையின் நுண்துளைகள் வழியே மேலேறி, நீர் புகாத களிப்பாறை தடுக்கும் இடத்தில் தங்கிவிடுகின்றது.

இத்தனையும் ஒருங்கே அமைந்த இடம் நமது காவிரிப்படுகை. 13 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இந்தியா அண்டார்டிகாவினின்று பிரியத் தொடங்கிய காலத்தில், கீழைக்கரை பிளந்து தாழ்ந்து, அப்பள்ளங்களில் சமுத்திரம் புகுந்தது என்பதற்கு, அரியலூர் வட்டாரத்தில் இன்றும் கிடைக்கும் அம்மோனைட் என்னும் சுருள் ஓடுகளே சாட்சி. வந்தவாசியின் கல்லோ தாழாமல் நின்றது. ஆகவே அதன்மேல் எண்ணெய் சமைவதற்கான வண்டற்போர்வை படியவில்லை.

1956இல் தோன்றிய எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் 1964இல் காரைக்காலில் இப்படுகையின் முதற்கிணற்றைத் தோண்டிற்று. பின்னர் நரிமணத்தில் எண்ணெய் கண்டு, 1993இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. எனினும் ஆழத்து வண்டல் எண்ணெயை அளித்த அதே படுகையில், மேல் வண்டல் நெல்லை விளைவித்து வருகின்றது; உழவரின் நெடுநாளைய கவலைக்குச் செவிசாய்த்து, புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடைசெய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு 2020இல் இயற்றியது. அது தக்க முடிவு என்றே நான் கருதுகின்றேன். வந்தவாசியில் அறுத்த கோரை மீண்டும் தழைக்கும். தஞ்சையில் அறுத்த நெல் மறுபோகத்தில் விளையும். எடுத்த எண்ணெய் மட்டும், மனித குலம் காத்திருக்கக்கூடிய எந்தக் காலத்திலும் மீண்டும் ஊறுவதில்லை.