அயர்லாந்துப் பெரும் பஞ்சமும் குவேக்கர் சபையின் பசிநீக்கற் பணியும்

பயிர் அழிவது இயற்கையின் செயல். அவ்வழிவு பஞ்சமாக மாறுவது சமுதாய அமைப்பின் விளைவு. உணவுக்கும் பசித்தவனுக்கும் இடையே விலையும் சட்டமும் நிலவுடைமையும் தடையாக நிற்கும்பொழுதே பஞ்சம் தோன்றுகின்றது. இத்தகைய காலங்களிற் சமய நிறுவனங்கள் ஆற்றிய பணியினைச் சிலர் புகழ்ந்துரைப்பர். வேறு சிலர் அது சுரண்டலை மறைக்கும் திரையே என ஒதுக்குவர். இவ்விரு கருத்துக்களையும் உரைத்துப் பார்ப்பதற்கு, 1846 முதல் 1849 வரை அயர்லாந்தில் குவேக்கர் எனப்படும் நண்பர் சபையார் ஆற்றிய பணி தகுந்த எடுத்துக்காட்டாகும்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலே ஜோர்ஜ் பொக்ஸ் என்பாரின் போதனையால் உருவான இச்சபை, குருமார் வரிசையையும் போரையும் சத்தியப் பிரமாணத்தையும் மறுத்தது. அம்மறுப்பின் காரணமாக, பல்கலைக்கழகங்களும் அரச பதவிகளும் அதன் உறுப்பினருக்கு நெடுங்காலம் மூடப்பட்டிருந்தன. எனவே அவர்கள் வணிகத்திலும் கைத்தொழிலிலும் ஈடுபட்டனர். கணக்கை ஒழுங்காக வைத்தல், நேரிற் கண்டறிந்த பின்னரே முடிவெடுத்தல், கடல்கடந்த ஊர்களிலுள்ள சபையாருடன் இடையறாத கடிதத் தொடர்பு பேணல் ஆகிய பழக்கங்கள் அவர்களிடையே வேரூன்றின. பிற்காலத்தில் அவர்களது நிவாரணப் பணிக்கு மூலதனமாக அமைந்தவை இவையே எனலாம்.

1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோயொன்று தாக்கியது. 1846 இல் விளைச்சல் ஏறத்தாழ முற்றாகவே அழிந்தது. மக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் உருளைக்கிழங்கையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர்கள். ஓட்ஸ் முதலிய தானியங்கள் விளைந்தபோதிலும், அவை குத்தகைப் பணத்திற்காக விற்கப்பட்டன. 1846 இன் இறுதியிலும் தானியக் கப்பல்கள் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தன. ரசல் பிரபுவின் அரசாங்கமோ சந்தையிற் தலையிடுதல் ஆகாது என்ற பொருளியற் கொள்கையைப் பற்றி நின்று, வீதியமைத்தல் போன்ற கூலிவேலைகளையே பெரிதும் நம்பியது. பசியால் நலிந்தோரால் அவ்வேலையைச் செய்ய இயலவில்லை. கிடைத்த கூலியும் உயர்ந்துவிட்ட உணவு விலைக்கு ஈடாகவில்லை.

இந்நிலையில், 1846 நவம்பரில் டப்ளினில் நண்பர் சபையின் மத்திய நிவாரணக் குழு அமைக்கப்பட்டது. ஜோசப் பியூலியும் ஜொனதன் பிம்மும் அதன் செயலாளராயினர். அயர்லாந்து முழுவதிலும் சபையாரின் தொகை ஏறத்தாழ 3,000 மட்டுமே. அவர்களும் பெரும்பாலும் கிழக்கிலும் தெற்கிலுமுள்ள நகரங்களில் வாழ்ந்தனர். பசி கொடிதாயிருந்த மேற்குப் பகுதியில் அவர்கள் மிகச் சிலரே. ஆகவே முதலிற் கண்டறிதல் வேண்டுமென்று கருதி, இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் போஸ்ரர் கடுங் குளிர்காலத்தில் மேற்கு மாவட்டங்களிற் பயணஞ் செய்தார். அவரும் அவருடன் சென்றோரும் எழுதிய அறிக்கைகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவி, மக்களின் மனச்சான்றைத் தட்டியெழுப்பின.

குழுவினர் 1847 ஜனவரியில் டப்ளினில் சூப்புச் சாலையொன்றைத் திறந்தனர். பிற ஊர்களிற் சமைப்பதற்குப் பெருங் கிடாரங்களை அனுப்பினர். அரிசி, சோளமா, உடை, விதை என்பனவற்றையும் வழங்கினர். அவர்கள் பகிர்ந்தளித்த உதவியின் மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 2 இலட்சம் பவுண். அதன் பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. உணவு பெறுவோர் தம் சமயத்தை மாற்றவேண்டுமென அவர்கள் கேட்டதில்லை. வேறு சில குழுவினர் சூப்பைக் காட்டி மதமாற்றம் செய்தனர் என்ற கசப்பு அயர்லாந்து மக்களிடையே நெடுங்காலம் நிலைத்தது. குவேக்கர் பெயர் நன்றியுடன் நினைக்கப்படுவதற்கு இவ்வேறுபாடே காரணம்.

1847 இன் தொடக்கத்தில் அரசாங்கமும் சூப்புச் சாலைச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு ஜூலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் பேர் உணவு பெற்றனர். அரசு முயன்றால் பசியைத் தடுக்க இயலும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. எனினும் சில மாதங்களில் அச்சாலைகள் மூடப்பட்டு, பொறுப்பு உள்ளூர் வறியோர் சட்ட வரியின்மேற் சுமத்தப்பட்டது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் மேற்கே சென்ற ஜேம்ஸ் ஹக் ரியூக், குடிசைகள் இடிக்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்படுவதைக் கண்டு எழுதினார். சபையாரின் சிந்தனை இதன்பின் உணவிலிருந்து நிலத்தை நோக்கித் திரும்பிற்று. மீன்பிடித் தொழிலுக்குக் கடன் அளித்தனர். கோல்வே மாவட்டத்திற் மாதிரிப் பண்ணையொன்றை நடத்தினர். கடனில் மூழ்கிய பெருநிலங்களைக் கைமாற்றச் சட்டம் வேண்டுமென பிம் வாதிட்டார்.

1849 ஜூனில் இவ்வரலாற்றின் முக்கிய கட்டம் வந்தது. திறைசேரியின் உயரதிகாரி சாள்ஸ் ட்ரெவெலியன் 100 பவுண் தர முன்வந்து, நிவாரணத்தை மீண்டும் தொடங்குமாறு குழுவை வேண்டினார். குழு மறுத்தது. இத்துணைப் பெரிய துன்பத்தைத் தனியார் ஈகையால் நீக்க இயலாது, அதற்குரிய பணமும் அதிகாரமும் அரசாங்கத்திடமே உண்டு என்பது அதன் விடையின் சாரம். களைப்பும் பணமின்மையும் இம்மறுப்புக்குக் காரணங்களாயிருந்தன. பியூலி 1851 இல் இறந்தார், அளவுமீறிய உழைப்பே காரணமெனக் கருதப்பட்டது. ஆயினும், தம் தருமம் அரசின் கடமைக்கு மாற்றீடாகப் பயன்படுவதை ஏற்க மறுத்த தெளிவும் அவ்விடையில் உண்டு. மறுத்ததனால் அவ்வாண்டிற் பசித்தவருக்கு ஒரு கிண்ணம் உணவு குறைந்திருக்கலாம் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

அயர்லாந்திற் கற்ற முறையினைச் சபையார் பிற நாடுகளுக்கும் கொண்டுசென்றனர். 1870-71 இல் பிரான்சிய-புருசியப் போரில் அல்லலுற்ற பொதுமக்களுக்கு உதவினர். 1917 இல் பிலடெல்பியாவில் அமெரிக்க நண்பர் சேவைக் குழு நிறுவப்பட்டது. 1920 முதல் அது தோல்வியுற்ற ஜேர்மனியின் சிறுவர்க்கு உணவளித்தது. உச்சநிலையில் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் பேர்வரை அதனாற் பயன்பெற்றனர். நேற்றைய பகைவரின் பிள்ளைகளுக்கு உணவூட்டல், போரை மறுத்த கொள்கையின் நேரான தொடர்ச்சியாகும். 1921-22 பஞ்சத்தின்போது ரஷ்யாவின் புசுலுக் பகுதியிலும் அவர்கள் பணியாற்றினர். 1942 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத் தேவாலயத்திற் கூடி, முற்றுகையிலிருந்த கிரேக்கத்திற்கு உணவு செல்ல அனுமதிக்குமாறு பிரித்தானிய அரசை வற்புறுத்திய குழுவிலும் குவேக்கர் இடம்பெற்றனர். அக்குழுவே பின்னர் ஒக்ஸ்பாம் ஆயிற்று. 1947 இன் நோபல் சமாதானப் பரிசு இச்சபையின் பிரித்தானிய, அமெரிக்க நிறுவனங்கள் இரண்டிற்கும் வழங்கப்பட்டது.

அயர்லாந்தின் மக்கட்டொகை 1841 இல் ஏறத்தாழ 82 இலட்சம். 1851 இல் ஏறத்தாழ 65½ இலட்சம். பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனையொத்த தொகையினர் நாடு நீங்கினர். இப்பேரழிவைக் குவேக்கர் தடுத்தனர் என்பதற்கில்லை. காப்பாற்றிய உயிர்களோடு அவர்கள் விட்டுச்சென்றது ஒரு சாட்சியமும் ஆகும். 1852 இல் வெளியிட்ட தம் நடவடிக்கைத் தொகுப்பில், வரவுசெலவையும் கண்டவற்றையும் அவர்கள் மறையாது பதிந்தனர். பசித்தவனுக்கு முதலில் உணவிடல் வேண்டும். அவன் ஏன் பசித்தான் என்ற வினாவையும் உடனெழுப்புதல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்ய முயன்றமையே இச்சிறு சபை வரலாற்றிற் பெறும் இடத்தை நிர்ணயிக்கின்றது.