கல்யாணத்துக்கு 2-வது போட்டோகிராபர் தேவையா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

மண்டபம், சமையல், மேளம் எல்லாம் பேசி முடித்த பிறகு கல்யாண வீட்டில் வந்து நிற்கும் கேள்வி இது: ஒரு போட்டோகிராபர் போதுமா, இன்னொருத்தரும் வேணுமா? இரண்டாவது ஆளுக்குத் தனியாகப் பணம் கொடுக்கணும். வேண்டாம் என்று விட்டால், தாலி கட்டும் நேரத்தில் தவறிய படத்தை மறுபடி எடுக்க முடியாது. தென்காசி மாவட்டம் சிவகிரி போன்ற ஊர்களில் நடக்கும் கல்யாணங்களை வைத்து, இந்த முடிவை எப்படி எடுப்பது என்று பார்க்கலாம்.

யார் இந்த 2-வது போட்டோகிராபர்?

மெயின் போட்டோகிராபருடன் சேர்ந்து, தனி கேமராவில், வேறு கோணத்தில் ஸ்டில் போட்டோ எடுப்பவர். லைட் பிடிக்க வரும் அசிஸ்டன்ட் இந்தக் கணக்கில் வரமாட்டார். வீடியோ எடுப்பவரும் வரமாட்டார். "டீம்ல 3 பேர் வருவோம்" என்று சொன்னால், அதில் ஸ்டில் கேமரா எத்தனை என்று கேளுங்கள்.

"வீடியோவில் இருந்து போட்டோ எடுத்துக்கலாமே?"

பலரும் கேட்கும் கேள்வி. 4கே வீடியோவின் ஒரு பிரேம் 3840×2160 பிக்சல், அதாவது சுமார் 8 மெகாபிக்சல். நல்ல தரத்தில் பிரின்ட் போட்டால் சுமார் 12×7 அங்குலம்தான் வரும். 12×36 ஆல்பத்தில் ஒரு விரிப்பின் மூன்றில் ஒரு பங்கு அகலத்தைத்தான் அது நிரப்பும். வீடியோவில் ஷட்டர் வேகமும் குறைவாக இருக்கும் என்பதால், அசையும் கைகள் கலங்கித் தெரியும். அவசரத்துக்கு உதவும். ஆல்பத்துக்கு நம்ப முடியாது.

எதை வைத்து முடிவு செய்வது?

நிறைய பேர் வருகிறார்கள் என்பதற்காக மட்டும் இன்னொரு போட்டோகிராபர் தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீங்கள் ஆசைப்படும் படங்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நடக்கின்றனவா?

ஒரு தாளில் நிகழ்ச்சி வரிசையை நேரத்தோடு எழுதுங்கள். பக்கத்தில் இடத்தை எழுதுங்கள். ஒரே நேரத்துக்கு நேராக இரண்டு இடம் வந்தால், அங்கே இரண்டாவது ஆள் தேவைப்படலாம்.

எப்போது தேவை?

* காலை 6 மணி முகூர்த்தம், பெண் வீடு சிவகிரியில், மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருப்பது சங்கரன்கோவிலில் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அலங்காரம் நடக்கும். ஒருவரால் இரண்டையும் எடுக்க முடியாது.
* தாலி கட்டும் நேரம். மெயின் கேமரா மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நொடியில் கண் கலங்கும் அம்மா அப்பாவின் முகம் வேறு பக்கம். கெட்டிமேளம் கேட்டதும் சொந்தங்கள் எழுந்து மேடையைச் சூழ்ந்துகொண்டால், ஒரே கோணத்தை நம்பி நிற்பது ஆபத்து.
* வரவேற்பு. மேடையில் குரூப் போட்டோ வரிசை முடிய மணிக்கணக்கு ஆகும். மெயின் ஆள் அங்கேயே மாட்டிக்கொள்வார். பந்தியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும், ஓடி விளையாடும் பிள்ளைகளும் படத்தில் வரமாட்டார்கள்.

எப்போது ஒருவரே போதும்?

ஒரே மண்டபம், ஒரு வேளை நிகழ்ச்சி, மேடையில் நெருங்கிய சொந்தங்கள் மட்டும் என்றால் அனுபவமுள்ள ஒருவர் போதும். தாலி கட்டும்போது கேமராவுக்கு முன்னால் வழிவிடச் சொல்ல, வீட்டில் ஒருவரை நிறுத்துங்கள். இதற்குச் செலவே இல்லை.

நடுவழியும் உண்டு. இரண்டாவது ஆளை முழு நிகழ்ச்சிக்கும் பேசாமல், முகூர்த்தம் நடக்கும் அரை நாளுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். கடன் வாங்கி நடத்தும் கல்யாணம் என்றால், டிரோன், எல்இடி திரை போன்றவற்றில் ஒன்றைக் குறைத்து இதற்கு ஒதுக்கலாமா என்று பாருங்கள்.

இரண்டு வீட்டாரும் தனித்தனியாக அழைத்து வந்தால்?

பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் என்று ஏற்கெனவே இரண்டு பேர் வருவதும் உண்டு. ஆனால் இருவரும் பேசி வைக்காமல் வந்தால், ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தை எடுப்பார்கள். மூன்றாவது ஆளைத் தேடும் முன், இந்த இருவரையும் போனில் பேச வையுங்கள். யார் எதிரில், யார் பக்கவாட்டில் என்று முடிவாகட்டும். கேமராக்களில் கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படங்களை வரிசைப்படுத்துவது பெரிய தலைவலி.

கோயில் கல்யாணமா?

முதலில் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கேமராவுக்கு எந்த இடம் வரை அனுமதி, எத்தனை பேர் வரலாம் என்று தெரியாமல் இரண்டாவது ஆளுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள்

* இரண்டாவது போட்டோகிராபரின் பெயர், அவரே எடுத்த பழைய படங்கள். வளர்பிறை முகூர்த்த நாளில் ஒரே நாளில் பல கல்யாணம் வரும். கடைசி நேரத்தில் யாரோ ஒருவரை அனுப்பிவிடக் கூடாது.
* வரும் நேரம், கிளம்பும் நேரம்.
* கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடும் வசதி. ஒரு கார்டு பழுதானாலும் படம் தப்பிக்கும்.
* இருவரும் எடுத்த எல்லாப் படங்களும் கிடைக்குமா, எத்தனை நாளில்?
* உங்கள் படங்களை சமூக வலைதளத்தில் போடலாமா, கூடாதா?

சட்டம் என்ன சொல்கிறது?

காப்புரிமைச் சட்டம் 1957-ன் பிரிவு 17-ன்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவர்தான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இது மாறும். அதனால் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

பேசியபடி ஆள் வரவில்லை, படம் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நீங்கள் வசிக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அட்வான்ஸ் ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருக்கட்டும்.

ஆணையம் பணத்தைத் திருப்பி வாங்கித் தரலாம், தவறிய படத்தைத் தர முடியாது. அதனால் நேரமும் இடமும் எழுதிய அந்தத் தாளை முதலில் தயார் செய்யுங்கள். பேக்கேஜ் பேசும்போது அதை போட்டோகிராபரிடமே காட்டி, "இதில் எதையெல்லாம் உங்களால் தனியாக எடுக்க முடியாது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் இருந்தே இரண்டாவது ஆள் வேணுமா, வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.