வில்லியம் கவுடி: குடியைத் தாண்டி நிலத்தைப் பார்த்த மெதடிஸ்ட் போதகர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் காலனிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "நம்ம சனம் குடியை விட்டாலே முன்னேறிரும்." சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் நம் வறுமைக்குக் குடிதான் காரணமா? நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தவர் ஒரு மெதடிஸ்ட் போதகர்.

வில்லியம் கவுடி 1857இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் பிறந்தார். 1882இல் வெஸ்லியன் மிஷனரியாகச் சென்னைக்கு வந்து, திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அவர் சார்ந்த சபைக்கு மதுவிலக்கு புதிதல்ல. ஜான் வெஸ்லி 1743இல் வகுத்த விதிகளே சாராயம் வாங்குவதையும் விற்பதையும் தடுத்தன. "குடிக்காதே" என்று போதித்துவிட்டு கவுடி நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

ஏன்? 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கான சட்ட ஏற்பை நீக்கிவிட்டது. ஆனாலும் செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்கள் கடனில் கட்டுண்ட படியாள்களாகவே இருந்தார்கள். தரிசு நிலம் கேட்டு தர்காஸ்து மனு போட்டால், முன்னுரிமை மிராசுதாருக்கு. குடிசை நின்ற மனையும் தனதென்று அவரே உரிமை கொண்டாடினார். எதிர்த்துப் பேசினால் குடிசையும் போகும். இதே காலத்தில் அரசு 1886ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின் கீழ் கள், சாராயத்தில் வருமானம் பார்த்தது. கூலிக்காரனின் காசு கடைக்குப் போவது அரசுக்கு லாபம். அவன் கைக்கு நிலம் வருவது மிராசுதாருக்கு நட்டம்.

மக்கள் தங்கள் குறையோடு மிஷனரிகளைத் தேடிப் போனார்கள். கவுடியும், ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் ஆடம் ஆண்ட்ரூவும் நிலப் பிரச்சினையை அரசிடம் கொண்டுபோனார்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கை 1891இல் வந்தது. பஞ்சமி நிலத்துக்கு வழிதிறந்த அரசாணை 1892இல் வந்தது. ஆணை வந்த பிறகும் கவுடி ஓயவில்லை. 'ஹார்வெஸ்ட் ஃபீல்டு' இதழில் 1894இல் பறையர்களையும் நிலத்தையும் பற்றியே கட்டுரை எழுதினார். 1922இல் காலமானார்.

மிஷனரிக்கு மதமாற்ற நோக்கமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. நிலம் கேட்டு முதலில் நின்றவர்கள் நம் மக்களே என்பதையும் மறக்க வேண்டியதில்லை. அதே செங்கல்பட்டில், 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

2003 முதல் டாஸ்மாக் கடையை நடத்துவதே அரசுதான். அந்தக் கடையை மூடச் சொல்லிப் போராடுவோம்; குடி நம் வீட்டுப் பெண்களைத்தான் முதலில் அடிக்கிறது. ஆனால் அதே மனுவில் நிலத்தையும் சேர்த்துக் கேட்போம். நம் பகுதி அன்று மிராசு அல்ல, ராமநாதபுரம் ஜமீன். அதனால் நில வரலாறும் வேறு. உங்கள் ஊரில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிபந்தனைப் பட்டா நிலம் எவ்வளவு, இன்று அது யார் கையில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒரு கிராமத்தில் தொடங்குங்கள், தோழர்களே.

ஜெய்பீம்.