பட்டா நிலத்தில் நிரந்தரக் காடு: கார்பன் கிரெடிட்டும் மதுரைச் சமவெளியும்

மதுரையை அடுத்த சமயநல்லூரில் 2001-ஆம் ஆண்டு 106 மெகாவாட் திறனுள்ள தனியார் மின் நிலையம் ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. கன எரிஎண்ணெயை எரித்து ஓடும் எஞ்சின்களைக் கொண்டது அது. இவ்வகை எஞ்சின் ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.66 டன் கரியமில வாயுவை வெளிவிடும். நிலையம் முழுத்திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 70 டன். மதுரைச் சமவெளியின் மானாவாரி நிலத்தில் மரம் வைத்தால், ஏக்கருக்கு ஆண்டுக்கு இரண்டரை டன் சேரும் என்று தோராயமாகக் கொள்ளலாம். அப்படியானால் அந்த ஒரு மணி நேரப் புகையை ஈடுகட்ட 28 ஏக்கர் மரங்கள் ஓராண்டு வளரவேண்டும். கார்பன் கிரெடிட் என்னும் வணிகமே இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு: எண்ணெய் எரிந்தது எரிந்ததுதான், மரத்தையோ நாளைக்கே வெட்டிவிடலாம். ஆகவே கிரெடிட் வாங்குபவர் மரம் நிலைத்து நிற்கும் என்ற உறுதியைக் கேட்கிறார். தனியார் நிலத்தில் அந்த உறுதியை யார் தருவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தமிழகச் சட்ட வரலாற்றில் இக்கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, கையைவிட்டுப் போகுமுன் காட்டைக் காசாக்கிவிட ஜமீன்தார்கள் முனைந்தனர். சமவெளிக்கு மேற்கே மலையடிவாரத்தில் சாப்டூர், கண்டமனூர் போன்ற ஜமீன்கள் காடுகளை உடைமையாக வைத்திருந்தன. மரங்களை வெட்டுவதைத் தடுக்க 1949-இல் சென்னை மாகாண அரசு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அனுமதியின்றிக் காட்டை விற்கவோ மரத்தை வெட்டவோ கூடாது என்றது அது. 1955-இல் மலைப்பகுதிகளுக்கென மரப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றும் வந்தது. அந்தச் சூழலில் இவை தேவையான சட்டங்களே. ஆனால் காட்டை வைத்திருந்தவனுக்கு இவற்றால் வந்தது தடை மட்டும்தான், பணம் இல்லை.

1996 டிசம்பர் 12-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை இன்னும் விரித்தது. யார் உடைமையாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடு எனத்தக்க நிலமெல்லாம் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்றது. 2023-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி இந்த வரம்பைச் சுருக்கப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பழைய பொருளையே இப்போதைக்குத் தொடரச் சொன்னது. இயற்கையைக் காக்கும் நோக்கில் 1996 தீர்ப்பின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டாதாரர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. நிலத்தில் மரம் இருக்கலாம், அது காடாகிவிடக் கூடாது.

அரசின் மரம் வளர்ப்புத் திட்டங்களும் இந்த மனநிலையை ஒட்டியே போயின. ஸ்வீடன் உதவியுடன் 1981-இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டம் கண்மாய்களில் கருவேல மரங்களை நட்டது. வளர்ந்தபின் ஏலம் விட்டு வெட்டுவதற்காக. கரூர் மாவட்டம் புகளூர்க் காகித ஆலைக்காக உழவர்கள் வைத்த சவுக்கும் தைலமரமும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி பரப்பிய மலைவேம்பும் சில ஆண்டுகளில் வெட்டும் பயிர்கள். 2021-22-இல் வந்த பசுமைப் போர்வை இயக்கம் வரப்பு ஓரமாக ஹெக்டேருக்கு 160 கன்றுகள் என வேளாண் துறை வழியாக வழங்கியது. ஆக, நம் சமவெளியில் தனியார் மரம் அறுவடைப் பொருள். அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நிரந்தரக் காடு என்பது வேறு சங்கதி.

உலகச் சந்தை இதே காலத்தில் எதிர்த்திசையில் நகர்ந்தது. 1997-இல் கியோட்டோ உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2001-இல் மராகேஷில் கூடியவர்கள், வளரும் நாடுகளில் காடு சார்ந்த கிரெடிட் புதிதாக நடும் மரத்துக்கு மட்டுமே என்று வரையறுத்தனர். 1989 டிசம்பர் 31 அன்று அந்த நிலம் காடாக இருந்திருக்கக் கூடாது. இங்கே அதை நிறுவக் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கல் ஒரு சான்றாகலாம். மரம் நிலைக்காது என்ற அச்சத்தால் 2003-இல் மிலன் மாநாடு தற்காலிகக் கிரெடிட்டைக் கண்டுபிடித்தது. காலாவதியாகும் கிரெடிட் அது. வாங்கியவர் பின்னர் அதற்கு மாற்று வாங்கி வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சந்தை காட்டுக் கிரெடிட்டை ஏற்கவே மறுத்துவிட்டது. இந்த இரண்டும் சேர்ந்து விலையை வீழ்த்தின.

இந்தியாவில் இவ்வழியில் முன்னோடியாக 2009-இல் பதிவானது ஹரியானாவின் சிர்சா மாவட்டத் திட்டம். மணல்மேடு நகர்ந்து பாழான தனியார் நிலத்தில், எட்டுக் கிராமங்களின் உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஏறத்தாழ 370 ஹெக்டேரில் மரம் வைத்தனர். பயிருக்கு அதிகம் உதவாத நிலம் என்பதால் அங்கே அது பொருந்தியது.

தமிழகத்தில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு டிஸ்ட் திட்டம். 1999-இல் தான்சானியாவில் பிறந்து, 2000-களின் முற்பகுதியில் தமிழகத்தின் வட மாவட்டங்களுக்கு வந்தது. உழவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களாகச் சேர்கிறார்கள். உயிரோடு நிற்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 2 அமெரிக்க சென்ட் முன்பணமும், கிரெடிட் விற்றபின் லாபத்தில் 70 விழுக்காடும் அவர்களுக்கு என்பது ஏற்பாடு. உழவரே மரத்தை எண்ணுவதால் செலவு குறைகிறது. ஆயிரம் மரம் வைத்தவருக்கு முன்பணம் ஆண்டுக்கு 20 டாலர். ஒரு வண்டி எரு வாங்கக்கூடப் போதுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதிலில்லை.

நிலைத்து நிற்கும் காட்டுக்கே விலை வைத்த நாடு நியூசிலாந்து. 2007-இல் விதிகள் வகுக்கப்பட்ட அதன் நிரந்தரக் காட்டுத் திட்டத்தில், உடன்படிக்கை நிலப்பத்திரத்திலேயே பதிவானது. நிலம் யார் கைக்கு மாறினாலும் கட்டுப்பாடு கூடவே போகும். 2023 ஜனவரி முதல் அது உமிழ்வு வணிகத் திட்டத்தின் ஒரு பிரிவாகிவிட்டது. இதே ஏற்பாட்டைச் சமயநல்லூருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஐம்பது ஆண்டுக் கட்டுப்பாடு என்று வைத்துக்கொண்டால், அது முதலில் வில்லங்கச் சான்றில் ஏறும். அந்த நிலத்தின் மேல் வங்கி கடன் தரத் தயங்கும். மகள் திருமணத்துக்கு அரை ஏக்கரைப் பிரித்து விற்க முடியாது. பேரன் வரை கட்டுப்பட வேண்டும். வரவோ, டன்னுக்கு 10 டாலர் என்று வைத்தாலும் ஏக்கருக்கு ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அளவீடு, தணிக்கை, தரகுச் செலவு அதில்தான் கழியும். மறுபக்கம், அங்குள்ள நான்குவழிச் சாலையோரம் நிலம் சதுர அடிக் கணக்கில் பிளாட்டாக விலைபோகிறது.

மரத்துக்கும் நிலத்துக்கும் தனித்தனி உரிமை என்பது நமக்குப் புதிதல்ல. புறம்போக்கில் நிற்கும் புளியைப் பேண வருவாய்த் துறை வழங்கிய 2சி பட்டா, நிலத்தைத் தராமல் மரத்தின் பலனை மட்டும் தந்தது. கார்பன் உரிமைக்கும் அப்படியொரு ஆவணம் அமைந்தால் வில்லங்கச் சிக்கல் ஓரளவு தளரும் என்பது என் கணிப்பு. சந்தை இன்னொன்றையும் கண்டுகொள்வதில்லை. மதுரை வட்டாரத்தில் தலைமுறைகள் தாண்டி நிற்பவை கோயில்காடுகள். 2022 நவம்பரில் மேலூர் அருகேயுள்ள அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அப்பகுதி மக்கள் இவ்வளவு காலம் காத்ததற்குச் சந்தையில் மதிப்பு சுழியம். கியோட்டோ விதிப்படி புதிதாக நட்டதுதான் கணக்கில் வந்தது. காத்தவனை விட்டுவிட்டு, அழித்தபின் நடுபவனுக்குக் கூலி தரும் இம்முறை நியாயமானதென்று நான் கருதவில்லை.

இந்தியாவின் சொந்தக் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அது விருப்பப் பங்கேற்புக்கும் திறக்கப்பட்டது. 2025 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற முதல் எட்டு வழிமுறைகளில் மரம் நடுவது சார்ந்தது அலையாத்திக் காடு ஒன்றுதான். வைகைக் கரையில் அது வளராது. பட்டா நிலத்துக்கான வழிமுறையும் கார்பன் உரிமைக்கான தனி ஆவணமும் வராத வரை, சமயநல்லூர் உழவர் 30, 40 ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டுபவரிடம் கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் ஏதுமில்லை. வரப்பில் வேம்பும் பனையும் வைக்க யாருடைய ஒப்பந்தமும் தேவையில்லை.