சிறுநீர்ப் பாதைச் சுருக்கம்: மீண்டும் மீண்டும் விரிவாக்குவது தீர்வாகுமா?

சிறுநீர் நூல் போல மெலிந்து வருவது, முக்கினால்தான் போவது, போய் முடித்த பிறகும் சொட்டுவது. ஆண்களுக்கு இந்தத் தொல்லைகள் வந்தால் வயதுக் கோளாறு என்றோ சர்க்கரை என்றோ நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஒளு முறிந்துவிட்டதோ என்ற கவலையில் தவிப்பவர்கள்கூட வெட்கத்தால் வீட்டில் சொல்வதில்லை. இதற்குச் சிறுநீர் வெளியேறும் குழாயான யுரேத்ரா சுருங்கியிருப்பதும் காரணமாக இருக்கலாம். மருத்துவர்கள் இதை 'ஸ்ட்ரிக்சர்' என்பார்கள்.

ஏன் சுருங்குகிறது?

குழாயின் உட்சுவர் காயப்பட்டு ஆறும்போது தழும்பு உண்டாகி இறுகுகிறது. விபத்தில் இடுப்பெலும்பு முறிவது, கவட்டையில் பலமாக அடிபடுவது, முன்பு கதீட்டர் போட்டது, பால்வினை நோய்த் தொற்று, உறுப்பின் நுனித்தோல் வெளுத்து இறுகும் தோல் நோய் ஆகியவை முக்கியக் காரணங்கள். கவனிக்காமல் விட்டால் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், இறுதியில் சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

சிகிச்சைகள் என்ன?

சிறுநீரின் வேகத்தை அளக்கும் சோதனை செய்வார்கள்; மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே சுருக்கத்தின் இடத்தையும் நீளத்தையும் காட்டும். தழும்பைக் கரைக்கும் மாத்திரை கிடையாது.

சுருக்கம் 2 செ.மீ.க்குக் குறைவாக, முதன்முறையாக வந்திருந்தால் குழாயை விரிவாக்கலாம். அல்லது எண்டோஸ்கோப் வழியாகத் தழும்பைக் கீறிவிடலாம். சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் தழும்பு உள்ளேயே இருப்பதால் சுருக்கம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அப்படி வந்த பிறகும் அதையே திரும்பத் திரும்பச் செய்வதால் நிரந்தரப் பலன் கிடைப்பது அரிது; தழும்பும் நீளக்கூடும்.

அந்நிலையில் கேட்க வேண்டியது 'யுரேத்ரோபிளாஸ்டி' என்ற அறுவை சிகிச்சையைப் பற்றி. சுருக்கம் சிறியதானால் அப்பகுதியை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைப்பார்கள். நீளமானதானால் கன்னத்தின் உட்புறச் சவ்வை எடுத்து வைத்துக் குழாயை அகலப்படுத்துவார்கள். இச்சவ்வு ஈரத்தைத் தாங்கும், இதில் முடி வளராது, எடுத்த இடமும் விரைவில் ஆறிவிடும். புகையிலை, பாக்கு மெல்பவர்களுக்கு இந்தச் சவ்வு கெட்டுப்போயிருக்கலாம். அப்பழக்கத்தை உடனே விடுவது நல்லது.

சுருக்கம் திரும்ப வந்தவர்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், கீறும் முறையிலும் தொல்லை குறைந்தது. ஆனால் யுரேத்ரோபிளாஸ்டி செய்தவர்களுக்கு மறுசிகிச்சை தேவைப்பட்டது ஏறத்தாழ பாதியாக இருந்தது.

இதற்குப் பிறகு பொதுவாக 2 முதல் 3 வாரம் கதீட்டர் இருக்கும். சிலருக்கு வாய் இறுக்கம், சொட்டுதல், தாம்பத்தியத்தில் தற்காலிகச் சிரமம் ஏற்படலாம். இவற்றை முன்பே மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள்.

சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் அத்தாவோ மகனோ கழிவறையில் நெடுநேரம் சிரமப்படுவது தெரிந்தால், நாமே பேச்சை ஆரம்பித்து, யுரேத்ரோபிளாஸ்டியில் அனுபவமுள்ள சிறுநீரியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.