ஸ்ரீரங்கத்தில் அச்சான தஞ்சாவூர்

வடக்குச் சித்திரை வீதியில் இருக்கும் பாட்டி வீட்டை விற்பதென்று போன வருடம் முடிவானது. இரண்டு நாள் லீவு போட்டு, பெங்களூரிலிருந்து ராத்திரி ரயிலைப் பிடித்து திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். பரணைக் காலி செய்வது என் பொறுப்பு. வெண்கலப் பானை, ஓட்டை அண்டா, தூளிக் கயிறு, கொலுப் பொம்மைப் பெட்டி. எல்லாவற்றுக்கும் பின்னால், பழைய வேஷ்டித் துணியில் சுற்றிய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று.

“இது என்ன பாட்டி?”

“உன் கொள்ளுத்தாத்தாவோடது. அவருக்கப்புறம் அதைப் படிக்கத் தெரிஞ்சவா யாரும் இல்லை. சரஸ்வதி பூஜைக்குக் கீழ எடுத்து வெச்சு சந்தனம் இடுவோம். மறுநாள் மேல ஏத்திடுவோம்.”

“என்ன எழுதியிருக்கு?”

“உன் தாத்தாவுக்கே தெரியாதுடா.”

மென்பொருள் வேலையில் எனக்கு நன்றாகப் பழகிய நிலைமை இது. எழுதியவர் போய்விட்டார். குறிப்பு எதுவும் விட்டுப் போகவில்லை. தொடவும் பயம், தூக்கிப் போடவும் பயம்.

இப்படி ஒரு கட்டை முறையாக எப்படி விவரிப்பது என்று பார்க்க, தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தின் சம்ஸ்கிருதச் சுவடி அட்டவணையை ஸ்கேன் பிரதியாக இறக்கினேன். 1928 முதல் 1934 வரை 19 தொகுதிகளாக வந்தது. தயாரித்தவர் பி. பி. எஸ். சாஸ்திரி. முதல் பக்கத்தில் அச்சிட்ட இடத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம், ஸ்ரீரங்கம். 1910-இல் சங்கரர் நூல்களை 20 தொகுதிகளாகக் கொண்டுவந்த அதே அச்சகம். தஞ்சாவூர் அரண்மனையில் என்னென்ன சுவடி இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது, பாட்டி வீடு இருக்கும் இந்த ஊரில் கோத்த எழுத்துகள் வழியாகத்தான்.

அட்டவணையில் ஒவ்வொரு சுவடிக்கும் ஒரே மாதிரியான கட்டங்கள். ஓலையா காகிதமா, அளவு என்ன, எத்தனை ஏடு, பக்கத்துக்கு எத்தனை வரி, எந்த லிபி, ஆசிரியர் யார், முழுமையா குறையா, தொடக்கம், முடிவு. இதற்கு நடுவே ஒரு கட்டம் என்னை நிறுத்தியது: ‘கிரந்தங்களின் எண்ணிக்கை’. கிரந்தம் என்றால் இங்கே லிபி இல்லை, 32 எழுத்து கொண்ட ஒரு அளவு. செய்யுளோ உரைநடையோ, எதுவானாலும் இந்த அளவால் அளந்துவிடலாம். ஏடெழுதுபவருக்குக் கூலி கணக்கிடவும், நடுவில் ஏடு தொலைந்திருக்கிறதா என்று சரிபார்க்கவும் உதவும் அளவு. நாங்கள் ஒரு ஃபைலை நகலெடுத்த பிறகு சைஸைச் சரிபார்ப்பது போல.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. திருவாய்மொழி உரைகளின் பெயரிலேயே இந்த அளவு இருக்கிறது. ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. படி என்பதும் 32 எழுத்துதான். நம்பிள்ளை சொன்னதைக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிய முப்பத்தாறாயிரப்படியைப் பெருக்கிப் பார்த்தால் பதினோரு லட்சத்துக்கும் மேல் எழுத்து. சின்ன வயதிலிருந்து இந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அது சைஸ் என்பது முப்பத்தைந்து வயதில் ஒரு அட்டவணையைப் பார்த்துத்தான் உறைத்தது.

அந்தக் கட்டங்களிலேயே இன்னொன்று, ‘பர்னெல் எண்’. சாஸ்திரிக்கு அரை நூற்றாண்டு முன்பே ஒருவர் இதே சுவடிகளை எண்ணியிருக்கிறார். அந்த எண்ணை விடாமல் ஒவ்வொரு சுவடியோடும் சேர்த்துத் தருகிறார் சாஸ்திரி.

ஆர்தர் கோக் பர்னெல் 1840-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1860-இல் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் சேர்ந்து, பிறகு தஞ்சாவூரில் ஜட்ஜ் ஆனார். அவருக்கு சம்ஸ்கிருதத்தில் இருந்த ஈடுபாட்டுக்குத் தொழிலும் ஒரு காரணம். வாரிசுச் சொத்து வழக்கில் இந்துக்களுக்கு தர்மசாஸ்திரப்படி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்த காலம் அது. எந்த நூல் எங்கே இருக்கிறது என்பது கோர்ட்டுக்கும் தேவையான தகவல். பர்னெல் அந்தச் சட்ட நூல்கள் சிலவற்றை மொழிபெயர்த்தார். 1874-இல் தென்னிந்திய எழுத்து வடிவங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் மங்களூர் பாசல் மிஷன் அச்சகத்தில் வந்தது.

அரண்மனைச் சுவடிகள் நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்தவை. இரண்டாம் சரபோஜி காசி யாத்திரை போனபோதும் வாங்கிச் சேர்த்தார். 1855-இல் கடைசி ராஜா ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, ராஜ்ஜியம் கம்பெனியிடம் போனது. சுவடிகள் அரண்மனையிலேயே தங்கின. தேவநாகரி, கிரந்தம், தெலுங்கு எனப் பல லிபிகள், ஓலையும் காகிதமும் கலந்து. பர்னெல் அவற்றைப் பிரித்து, வகைப்படுத்தி, மூன்று பாகங்களாக அட்டவணை போட்டார். வேதமும் சாஸ்திரங்களும் முதல் பாகம். தத்துவமும் சட்டமும் இரண்டாவது. நாடகம், இதிகாசம், புராணம், தந்திரம் மூன்றாவது. 1880-இல் லண்டனில் வேலை முடிந்தது. உடம்பும் அதோடு முடிந்துவிட்டது. ஊர் திரும்பி, 1882 அக்டோபரில் இறந்தார். வயது 42. ஹென்றி யூலோடு சேர்ந்து தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியை அச்சில் பார்க்க அவர் இல்லை. அது 1886-இல் வந்தது.

1880 என்ற வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் தனியார் வீடுகளில் இருந்த சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு குஸ்டாவ் ஆப்பர்ட் தயாரித்த பட்டியலின் முதல் தொகுதியும் அந்த வருடம்தான் சென்னையில் வெளியானது. அரண்மனைக்கும் பட்டியல் ஆயிற்று, வீடுகளுக்கும் ஆயிற்று. பிறகு ஜெர்மனியில் தியோடர் ஆஃப்ரெக்ட் இவற்றையெல்லாம் சேர்த்து, பட்டியல்களுக்கே ஒரு பட்டியல் போட்டார். தஞ்சாவூரில் ஒரு அலமாரியில் இருந்த ஓலை இப்படித்தான் லைப்சிக் வரை ‘தெரிந்த’ விஷயமானது.

அதே 1880 அக்டோபரில், தஞ்சாவூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில், கும்பகோணத்தில் ஒரு இளம் தமிழாசிரியரை முன்சீப் ஒருவர் கேள்வி கேட்டார். சீவக சிந்தாமணி படித்திருக்கிறீரா? கேட்டவர் சேலம் ராமசுவாமி முதலியார். ஆசிரியர் உ. வே. சாமிநாதையர். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்டவருக்கு அந்த நூல் பார்க்கவே கிடைத்ததில்லை. மடங்களிலும் புலவர் வீடுகளிலும் இருந்த தமிழ் ஏடுகளுக்கு, கையில் எடுத்துப் புரட்ட ஒரு பர்னெல் இல்லை. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்க் கேட்டார். 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அச்சில் வந்ததற்குப் பின்னால் இருப்பது அந்த அலைச்சல்.

எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பாண்டியர் சேர்த்துவைத்த ஏடுகளைத் தேடிப் போனார். பழுதானவற்றை என்ன செய்வதென்று தெரியாமல், ஆகமப்படி நெய்யில் தோய்த்து அக்கினியில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் பக்தியோடுதான் செய்திருக்கிறார்கள். எரித்தது எதை என்று அவர்களுக்கும் தெரியாது, இப்போது நமக்கும் தெரியாது. அந்த இடத்தில் ஒரு பழைய நோட்டில் பத்து வரி பட்டியல் இருந்திருந்தால் கூட, தொலைந்ததன் பெயராவது நம்மிடம் இருந்திருக்கும்.

சாமிநாதையரைக் கொண்டாடும்போது நாம் அந்த நடையைக் கொண்டாடுகிறோம். அவர் ஏன் நடக்க வேண்டியிருந்தது என்பதையும் கேட்கலாம். கோர்ட்டுக்கும் ஐரோப்பிய மொழியியலுக்கும் எது தேவையோ அதற்கு முதலில் பட்டியல் கிடைத்தது. பட்டியல் போட்டவர் உயிரைக் கொடுத்து உழைத்தார் என்பதும் உண்மை, எதற்குப் பட்டியல் என்பதை வேறு தேவைகள் முடிவு செய்தன என்பதும் உண்மை.

பரணில் இறக்கிய கட்டுக்கு வருகிறேன். வீடு விற்கத் தாமதமானதால் எனக்கு ஆறு மாதம் கிடைத்தது. வார இறுதிகளில் கிரந்த எழுத்துகளைப் பழகினேன். முதல் ஏட்டில் ‘ஸ்ரீமதே ராமாநுஜாய நம:’ என்று கூட்டிப் படிக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. அடுத்த வரியிலேயே தமிழ் எழுத்து வந்தது, பிறகு மறுபடி கிரந்தம். மணிப்பிரவாளம். சம்ஸ்கிருத அட்டவணையிலா, தமிழ் அட்டவணையிலா, எதில் சேர்ப்பது என்று இடிக்கிற ஜாதி. ஸ்ரீரங்கத்தில் எத்தனை வீட்டுப் பரணில் இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கட்டுகள் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாஸ்திரியின் கட்டங்களை ஒரு தாளில் வரைந்து, ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்தேன். ஓலை. 84 ஏடு. பக்கத்துக்கு 7 வரி. வரிக்குச் சுமார் 52 எழுத்து. பெருக்கி 32-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,900 கிரந்தம். முடிவு ஏடு இல்லை. குறை. ஒரு நூலகத்துக்குக் கொடுப்பதென்று வீட்டில் சம்மதித்தார்கள். சரஸ்வதி மகாலுக்கும் இப்படிக் குடும்பங்கள் தங்கள் தொகுப்புகளைக் கொடுத்திருக்கின்றன.

எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “எழுதினவர் பேர் போடலையே?” என்றாள்.

“ஏட்டுல இல்ல பாட்டி. அந்தக் கட்டம் காலிதான்.”

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்போ யார் வெச்சிருந்தான்னு எழுது. அது எனக்குத் தெரியும்.”

சாஸ்திரியின் கட்டங்களில் அதற்கு இடமில்லை. தாளின் அடியில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். பாட்டி சொல்லச் சொல்ல, மூன்று தலைமுறைப் பெயரும் வீதியின் பெயரும் எழுதிக்கொண்டேன்.