ம்பண்டாக்காவிலிருந்து ஓர் இலைப்பொதி

காங்கோ ஆறும் ருக்கி ஆறும் கூடும் இடத்தில், ஏறக்குறைய பூமத்திய ரேகையின் மேலேயே இருக்கிறது ம்பண்டாக்கா நகரம். அதைச் சுற்றியுள்ள காட்டுக் கிராமங்களில் வாரந்தோறும் குவாங்கா தயாராகிறது. மரவள்ளிக்கிழங்கை இலையில் பொதிந்து அவித்த கட்டி அது. நாம் மரவள்ளியை அவித்து உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிட்டுவிடுகிறோம். அங்கே பெரும்பாலும் விளையும் கசப்பு வகையை அப்படி வாயில் வைக்க முடியாது. சயனைடு நஞ்சை உண்டாக்கும் கிழங்கு அது.

பிடுங்கிய கிழங்கைப் பெண்கள் ஓடைத் தண்ணீரிலோ குழித் தண்ணீரிலோ மூன்று நான்கு நாள் ஊறப்போடுகிறார்கள். ஊற ஊறப் புளித்த வாடை கிளம்பும். விரலால் அமுக்கினால் குழையும் பதம் வந்ததும் எடுத்துவிடுவார்கள். நஞ்சு பெருமளவு இந்த நொதிப்பில்தான் கழிகிறது. பிறகு நாரை உருவி, தண்ணீர் வடியவிட்டு, இடித்து, அரைவேக்காடாகக் கிண்டி, கை பொறுக்கும் சூட்டில் பிசைவார்கள். மாவில் ஒரு கட்டிகூட இருக்கக் கூடாது. காட்டில் பறித்த அகன்ற இலையில் அதை உருட்டி வைத்து, நாலு பக்கமும் மடித்து, கொடிநாரால் இறுக்கிக் கட்டி மறுபடியும் அவிக்கிறார்கள். வெந்து இறங்கும்போது இலை பழுப்பேறியிருக்கும். உள்ளே சாம்பல் கலந்த வெண்மையில், கத்திக்கு வழுக்கும் கட்டி. இலையைப் பிரிக்காமல் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

அந்த ஒரு வாரம் இல்லாவிட்டால் இந்தப் பண்டம் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது. தலைநகர் கின்ஷாசாவுக்கு ஆற்றுவழியில் 600, 700 கிலோமீட்டர் போக வேண்டும். நம்பிப் போகச் சாலை கிடையாது. காங்கோ வடிநிலத்தின் பரப்பு சுமார் 37 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவைவிடப் பெரிது. கிசங்கானியிலிருந்து கின்ஷாசா வரை சுமார் 1,700 கிலோமீட்டருக்குக் கப்பல் ஓடும் இந்த ஆறுதான் அங்கே நெடுஞ்சாலை. ஆறு பூமத்திய ரேகையை இரண்டு முறை கடப்பதால் வடக்கிலோ தெற்கிலோ எங்காவது மழை பெய்துகொண்டே இருக்கும், தண்ணீர் வற்றுவதில்லை.

மரவள்ளி ஆப்பிரிக்கப் பயிரே அல்ல. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. கடலோரக் கோங்கோ அரசில் இறங்கி, கைமாறிக் கைமாறி உள்நாட்டுக்குள் ஏறியது. 19ஆம் நூற்றாண்டில் தந்தமும் அடிமைகளும் ஏற்றி ஆற்றில் ஓடிய பொபாங்கி வணிகர்களின் ஓடங்களில் துடுப்பு போட்டவர்களுக்கு வழிச்சோறு இதுதான். வழியில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, இலையைப் பிரித்தால் போதும். அந்த வணிகர்களின் பேச்சுமொழியும் கரைக்குக் கரை பரவியது. 1880களில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள் ஆற்றோரம் நிலையங்கள் அமைத்தபோது, சிப்பாய்களும் கப்பல் கூலிகளும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு தங்களுக்கேற்ப வளைத்தார்கள். அது வளர்ந்துதான் லிங்காலா ஆனது. இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசில் மட்டும் 200க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. லிங்காலா, கிகோங்கோ, சுவாஹிலி, சிலூபா என்ற நான்கும் தேசிய மொழிகள். மோங்கோ மொழி பேசும் வீட்டில் அவித்த பொதிக்குத் துறைமுகத்தில் லிங்காலாவில் பேரம் நடக்கிறது.

இந்த வரலாற்றில் என்னால் அமைதியாகக் கடந்துபோக முடியாத பக்கம் ஒன்று உண்டு. லியோபோல்ட்வில் என்று அன்று அழைக்கப்பட்ட கின்ஷாசாவின் சிப்பாய்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சோறு போடும் பொறுப்பை லியோபோல்டின் அரசு சுற்றுவட்டாரக் கிராமங்களின் தலையில் கட்டியது. வரியாகக் குவாங்கா கேட்டார்கள். குறித்த நாளில் குறித்த எண்ணிக்கை வந்து சேர வேண்டும். தோண்டுவது, ஊறவைப்பது, இடிப்பது, அவிப்பது, பிறகு பல மைல் சுமப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. ஒரு தவணை கொடுத்துவிட்டு வந்தால் அடுத்ததற்குக் கிழங்கு ஊறிக்கொண்டிருக்கும். ரப்பருக்காக நடந்த கொடுமைகளை உலகம் ஓரளவு அறியும். இந்த அடுப்படிக் கொடுமையையும் சேர்த்தே அறிய வேண்டும்.

இன்றைய பயணத்துக்கு வருவோம். பொதிகள் மூட்டைகளாகி மரப்படகிலோ, விசைப்படகு தள்ளிச் செல்லும் இரும்பு பார்ஜிலோ ஏறுகின்றன. பார்ஜின் தளம் ஒரு சந்தை. ஆடு, கரி, வாழைத்தார், புகையிட்ட மீன், பிள்ளைகளோடு குடும்பங்கள். ஓடும் படகோடு ஒட்டி வந்து மீனவர்கள் தங்கள் ஓடங்களைக் கட்டிக்கொள்வார்கள். மீனைக் கொடுத்து உப்பு, சோப்பு, தூண்டில் முள், மாத்திரை வாங்கிக்கொண்டு கயிற்றை அவிழ்த்து விலகுவார்கள். மணல்திட்டில் படகு தட்டிவிட்டால் நாட்கள் வீணாகும், இலைக்குள் கெடு நெருங்கும். அளவுக்கு மீறி ஏற்றிய படகுகள் இரவில் விளக்கில்லாமல் ஓடிக் கவிழ்வதும் நடக்கிறது. அந்தச் சாவுகள் தவிர்க்கக் கூடியவை.

தெற்கே பண்டுண்டு பகுதியில் மரவள்ளி வேறு வழி பிடித்தது. தலைநகருக்குத் தார்ச்சாலை வந்தது, வியாபாரம் சூடுபிடித்தது, ஊறவைத்துக் காயவைத்த கிழங்கை லாரிகள் வாரிக்கொண்டு போயின. அவசரத்தில் மூன்று இரவு ஊற வேண்டியதைப் பல வீடுகளில் ஒரே இரவில் எடுத்துவிட்டார்கள். கிழங்கில் நஞ்சு தங்கியது. புரதம் குறைந்த சாப்பாட்டோடு அது சேர்ந்தபோது பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இரண்டு கால்களும் விறைத்து முடங்கின. கொன்சோ என்ற இந்த நோயை 1938இலேயே மருத்துவர் ட்ரோலி பதிவு செய்திருந்தார். ஒருமுறை வந்தால் குணமாகாது. சாலை வந்ததில் குற்றமில்லை. கிழங்கு ஊறும் அந்த மூன்று இரவுக்கும் விலை கொடுக்க எந்த வியாபாரியும் முன்வரவில்லை என்பதுதான் குற்றம்.

கின்ஷாசாவில் ஆறு அகன்று ஏரிபோல் விரிகிறது. அதற்குக் கீழே அருவித்தொடர், படகு போகாது. 1898இல் மத்தாடி துறைமுகத்துக்கு ரயில் விட்டது அதனால்தான். ஒரு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நகரம் இது. கீழ்க் காங்கோவிலிருந்து சாலைவழி வரும் குவாங்காவும் இங்கே வந்து சேர்கிறது. கரையில் மொத்தமாக வாங்கும் பெண்கள் அதைத் தலைச்சுமைக்காரிகளுக்குப் பிரிக்கிறார்கள். அவர்கள் தெருத் தெருவாக விற்கிறார்கள். துண்டு போட்டு, இடித்த மரவள்ளி இலைக் குழம்போடும், அட்லாண்டிக் கடலிலிருந்து உறைநிலையில் இறக்குமதியாகும் ம்பியோடி மீனோடும் சாப்பிடுகிறார்கள். ஆற்று மீன் பலருக்கு எட்டாத விலையாகிவிட்டது.

கொஞ்சம் குவாங்கா விமானமும் ஏறுகிறது. பிரஸ்ஸல்ஸில் கின்ஷாசாவின் பேட்டை ஒன்றின் பெயரையே தாங்கிய மத்தோங்கே என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள கடைகளில், லியோபோல்ட் ஆண்ட அதே தலைநகரில், காங்கோக்காரர்கள் இன்று இதைத் தாங்களே காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.